நுண்ணோக்கியும் என் வாயும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் அவள் மட்டும் சௌக்கியம். நான் பல்கலைக்கழகத்தில் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் உயிரியல் துறைக்குப் பின்வாசல் வழியாகப் போய்வருகிறேன். துறைத் தலைவருக்கு இப்படி ஒரு கதியா என்று காவல்காரர் பரிதாபப்பட்டு எனக்கென்று ஒரு சாவியே கொடுத்துவிட்டார்.

என் மனைவி உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பாள். கணிதப் பேராசிரியை அல்லவா, சுருக்கமாகத்தான் சொல்லுவாள். சுருக்கமாகச் சொன்னால் நான் அயோக்கியனாகத் தெரிவேன், விரிவாகச் சொன்னால் முட்டாளாகத் தெரிவேன். பின்னது தேவலை என்றுதான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் அறிவியல் துறைகளில் பெண்கள் சேருகிறார்கள், ஆனால் மேலே வருவதில்லை. அதனால் அவர்களே ஒருவருக்கொருவர் துணையாக ஒரு வழிகாட்டு வட்டம் தொடங்கினார்கள். பெரியவர் சின்னவர் கிடையாது, வட்டமாக உட்கார்ந்து அவரவர் சிக்கலைச் சொல்வது, மற்றவர்கள் யோசனை சொல்வது, அவ்வளவுதான். ஒரு கூட்டத்துக்கு மட்டும் துறைத் தலைவர்கள் வந்து பேசாமல் கேட்டுவிட்டுப் போகலாம் என்று அழைப்பு வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அன்றைக்குப் பார்த்து அவசர வேலை வந்துவிட்டது. நான் போனேன். வழிகாட்டு வட்டம் என்றால் வழி தெரிந்த ஒருவன் வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், பிறர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று தேநீர் வரும்வரை நானே பேசினேன். என் மனைவி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் துறையில் ஆய்வுக்காக உயிர்ச்செல்களை வளர்க்கும் இளம் ஆசிரியை, யார் பெயரையும் சொல்லாமல் தன் சிக்கலைச் சொன்னாள். "கூட்டத்துல நான் ஒரு யோசனை சொன்னா யார் காதுலயும் விழறதில்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அதையே ஒரு பெரியவர் கொஞ்சம் சத்தமா சொல்றார். எல்லாரும் ஆகா ஓகோன்னு பாராட்டறாங்க." எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது அக்கா. மேஜையைத் தட்டி, "யாரும்மா அந்த ஆளு? பேரை மட்டும் சொல்லு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். இயற்பியல் துறை அம்மையார் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மனைவி, "டீ ஆறுது, குடிங்க" என்றாள். நான் விடவில்லை. "பயப்படாதம்மா, என்ன யோசனை அது?" என்று கேட்டேன். "நுண்ணோக்கியை எல்லாருக்கும் பகல்ல முறை வெச்சுக் குடுக்கணும்னு சொன்னேன் சார். சாயங்காலம் மட்டுமே தர்றதால குழந்தையைப் பள்ளிக்கூடத்துலேந்து கூட்டிட்டு வரப் போறவங்களுக்குக் கிடைக்கறதே இல்ல. இப்ப அது அறிவிப்புப் பலகையில இருக்கு சார்." பலகையில் அது என் பெயரில் இருந்தது. தலைவர் திட்டம் என்று தடித்த எழுத்தில். அந்தத் தேநீரை எப்படிக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து, "நீயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னேனே. இப்படி ஆம்பளைங்க பேச்சைப் பறிச்சுக்கறாங்கன்னு சொன்னேன். மறுநாள் ஓய்வறையில அதையே நீங்க பிரசங்கம் பண்ணினீங்க. கைதட்டினாங்களாம்" என்றாள். கைதட்டியது உண்மைதான்.

மன்னிப்பாவது கேட்போம் என்று அடுத்த நாள் அந்தப் பெண்ணின் ஆய்வகத்துக்குப் போனேன். கையில் ஒரு கண்ணாடித் தட்டோடு நின்றாள். நான் என் இளமைக்காலம், நான் வளர்ந்த விதம், நம் அப்பாவின் குரல்வளம் என்று தொடங்கி மனம்விட்டுப் பேசினேன். "சார், நீங்க முடிச்சாதான் இதை வெதுவெதுப்பான பெட்டிக்குள்ள வைக்க முடியும். வெளியில இருந்தா செல் எல்லாம் செத்துடும்" என்றாள். "இதோ, ஒரே நிமிஷம்மா" என்றேன். செத்துவிட்டன அக்கா. அவள் என்னைத் திட்டவில்லை. தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, "பரவால்ல சார், திரும்ப வளத்துக்கறேன்" என்றாள். திட்டியிருந்தால் அன்றைக்குக் கொஞ்சமாவது சாப்பிட்டிருப்பேன்.

அதோடு விட்டேனா? ஆசிரியர் பேரவைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பெருமையை அவளுக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். எழுந்து சொல்லவேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் உருட்டிக்கொண்டே இருந்ததில் பேச்சு எங்கே போகிறது என்று கவனிக்கவில்லை. பதிவாளர், "இது யார் யோசனை?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. துள்ளி எழுந்து அந்தப் பெண்ணைக் காட்டி, "முழுக்க முழுக்க இவங்க யோசனை" என்றேன். அவர் கேட்டது நுண்ணோக்கியைப் பற்றி அல்ல. விடுமுறை நாளிலும் எல்லாரும் வகுப்பெடுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றி. அவையே அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை அப்படிப் பார்த்திருந்தால் ராஜினாமா செய்திருப்பேன்.

"அது இல்லீங்க, அவங்க சொல்ல வந்தது என்னன்னா" என்று நான் மறுபடி தொடங்க, "அவங்களே சொல்லட்டும்" என்றாள் என் மனைவி. "ஆமா, அவங்களே சொல்லட்டும்" என்றார் இயற்பியல் அம்மையார். இன்னும் இரண்டு குரல்கள் அதையே சொல்லின. வட்டத்தில் இதைத்தான் பழகினார்களாம், ஒருத்தி பேச்சு அமுங்கினால் மற்றவள் தூக்கி நிறுத்துவது. அந்தப் பெண் எழுந்து நிதானமாகச் சொன்னாள். ஒருவருடைய ஆய்வு கெட்டுப்போனால் திரும்பச் செய்ய வாரத்தில் ஒரு பகல் ஒதுக்கிவைக்கவேண்டும் என்பதையும் அவள் முன்பே சொல்லியிருக்கிறாள். நான் களவாடியபோது அதை விட்டுவிட்டேன். திட்டம் அவள் பெயரில் நிறைவேறியது. நுண்ணோக்கிக் குழுவின் தலைமையிலிருந்து என்னை நீக்கிவிட்டு அவளையே தலைவியாக்கினார்கள். நானும் கை தூக்கினேன். வெளியே வரும்போது என் மனைவி, "இன்னிக்கு கை மட்டும் தூக்கினீங்க, நல்லா இருந்தது" என்றாள். அது பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

வெட்கம் பிடுங்கித் தின்றாலும் ஒன்று சொல்வேன், அக்கா. நான் அடியோடு மாறிவிட்டேன். இப்போதெல்லாம் அடுத்தவர் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உன் மனசில் இந்தத் தம்பிக்கு இன்னும் இடமிருந்தால் அதுவே போதும்.

தலைகுனிந்து,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் என் மனைவி வாங்கிப் படித்தாள். "உங்க அக்காவுக்குப் போன வாரம் கண்ணுல ஆபரேஷன். உங்ககிட்டயும்தான் ஃபோன்ல சொன்னாங்க. கட்டுப் போட்டிருக்கறவங்களுக்கு இத்தனை பக்கம் உங்களைப் பத்தியே எழுதியிருக்கீங்களே" என்கிறாள். அத்தான், இதை நீங்கள்தான் வாசித்துக் காட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து மேலே உள்ள எதையும் வாசிக்கவேண்டாம். ஒரு வரி மட்டும் வாசியுங்கள். அக்கா, கண் எப்படி இருக்கு?