இடது கண்ணில் வலது லென்ஸ்

அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் பிழை கடைசியில்தான் தெரியும். பத்திரிகையில் மெய்ப்புத் திருத்தும் நான் அதற்குச் சாட்சி.

என் இரண்டு கண்ணிலும் சிலிண்டர் பவர். கண்ணாடி இல்லையென்றால் ஒரு கம்பு இரண்டாகத் தெரியும். ஆனால் பழவேற்காடு ஏரியில் உப்புத் தண்ணீர் தெறித்தால் கண்ணாடி சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். அதனால், ஒரு நாள் போட்டு எறிந்துவிடும் லென்ஸ் வாங்கினேன். இந்தப் பவருக்கான லென்ஸ் கண்ணில் ஒரு சாய்வில் உட்கார வேண்டும். அந்தச் சாய்வு கண்ணுக்குக் கண் வேறு. இடதுக்கு ஒரு பெட்டி, வலதுக்கு ஒரு பெட்டி. (சட்டைப்பையில் அடங்கட்டும் என்று பெட்டிகளைக் கடாசிவிட்டு உறைகளை மட்டும் எடுத்து வந்த மேதை நான். உறைமேல் எண் உண்டு. கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும்.)

நைனா பக்கவாதத்தில் படுத்திருந்த நேரம். எங்கள் ஊரில் ஏரியில் வலை கட்டும் இடம் வீட்டுக்கு வீடு முறைவைத்து வரும். அதைப் பாடு என்போம். "பையன் ஒரு தபா ஒழுங்கா கட்டிட்டு வரட்டும், பாடு லிஸ்ட்ல பேரை ஏத்திடலாம்" என்றார் ஊர்ப் பெரியவர். நைனா கேட்டது அந்த ஒன்றைத்தான்.

விடியற்காலையில் தங்கையின் கணவரோடு கிளம்பினேன். அவர் ஆரம்பாக்கத்தில் லாரி ஓட்டுபவர். வலை கட்ட ஏரியில் நட்டிருக்கும் கம்புகளில், கலங்கரை விளக்கத்துக்கு நேராக வருவது எங்களுடையது.

"மச்சான், ரெண்டு கம்பு கீதே. நம்புளுது எது?"

எனக்கு நான்கு தெரிந்தன. (சொல்லவில்லை.) "வலது பக்கம்."

"எனுக்கு இடதுதான் நேரா தெரியுது."

"உனக்கு ஏரியைப் பத்தி இன்னா தெரியும் மாப்ள? புதுக் கண்ணு இது. தள்ளு."

வலையைக் கட்டி முடித்ததும் பின்னால் ஒரு படகு வந்தது. "எவன்டா அது, எங்க கம்புல வலை கட்றது?"

கட்டியதை அவிழ்ப்பதற்குள் நீரோட்டம் திரும்பிவிட்டது. அன்று இரண்டு வீட்டுக்கும் இறால் இல்லை.

ஊர்க்கூட்டம் சீக்கிரமே முடிந்தது. "பேப்பர்காரன் பேப்பர்லயே இருக்கட்டும்பா." பெயர் ஏறவில்லை. வீட்டில் நைனா குழறிய குரலில் கேட்டார்: "எந்தக் கம்பு?" சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் லென்ஸைக் கழற்றிய பிறகு, கண்ணாடி போட்டு உறைகளைப் படித்தேன். இடதும் வலதும் மாறியிருந்தன. அதையும், கம்பு நான்காகத் தெரிந்ததையும் மாப்பிள்ளையிடம் மட்டும் சொன்னேன். அது இரண்டாவது தவறு.

நான்கு மாதத்தில் நைனா போய்விட்டார். வாய்க்கரிசி போடக் குனிந்தபோது காதருகே மாப்பிள்ளையின் குரல்: "பாத்துப் போடு மச்சான். வாய் ஒண்ணுதான்."

தோள் குலுங்கிச் சிரித்துவிட்டேன். பெற்றவரைப் பிரிந்து துடிக்கிறான் என்று நாலு பேர் தாங்கிப் பிடித்தார்கள்.

இப்போதும் தங்கை வீட்டில் இலை முன் உட்கார்ந்தால் மாப்பிள்ளை அதையேதான் சொல்கிறார். எல்லோரும் சிரிப்பார்கள். அன்று பக்கத்தில் நின்று அதைக் கேட்ட தங்கை மட்டும் சோறு எடுத்து வருவதாக உள்ளே போய்விடுவாள்.