நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சீட்டுகளை அழித்த கதை

அன்பும் பொறுமையும் நிறைந்த தம்பிக்கு (பொறுமை இந்தக் கடிதத்துக்குத் தேவைப்படும் என்பதால் சேர்த்திருக்கிறேன்), அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். என் இடது கணுக்கால் மட்டும் இப்போதுதான் சுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் முடியாது.

இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறேன், வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை, அப்பேர்ப்பட்டவள் டிப்போவில் இன்ஜின் அணைந்து சும்மா நின்ற பஸ்ஸிலிருந்து, கடைசிப் படியை மறந்து இறங்கி எலும்பை முறித்துக்கொண்டேன் என்பது உனக்குத் தெரியும். நீதான் அதைக் கேட்டு மூன்று நிமிஷம் சிரித்தாய். ஆறு வாரம் மாவுக்கட்டு. இரண்டாம் நாளே நான் ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் போகிற கார்களைப் பார்த்து "இண்டிகேட்டர் போடுய்யா!" என்று கத்த ஆரம்பித்துவிட்டதால், உன் அத்தான் தாங்கமாட்டாமல் பரண்மேல் ஏறி, நீ வேலைக்குப் போகும்போது விட்டுப்போன அட்டைப்பெட்டியை இறக்கி என் மடியில் வைத்து, "இதுல ஏதாவது புத்தகம் இருக்கும், படிச்சிட்டு சும்மா இரு" என்று தன் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்கப் போய்விட்டார். புத்தகம் இல்லை. உன் கையடக்க வீடியோ கேம் இருந்தது. சோப்புப்பெட்டி அளவு, சாம்பல் நிறம், உள்ளே சீட்டு விளையாட்டு.

இனிமேல் வருவதை உட்கார்ந்து படி. பென்சில் பேட்டரி இரண்டு போட்டதும் டிங் என்றது. திரையில், ஆல்பத்தில் இருநூறு சீட்டுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு சேர்ந்திருப்பதாக ஒரு வரி. அதன் கீழே இன்னும் இரண்டு வரி. அந்தக் காலத்து மிஷின் பாரு, திரைக்குப் பின்னால் விளக்கே கிடையாது, எழுத்து எறும்பு சைஸ். மேல்வரி 'தொடர்', கீழ்வரி 'புதிதாக ஆரம்பி' என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குக் கீழ்வரியை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. மரியாதைக்குக் கேட்கிறது என்று நினைத்து ஆமாம் என்றேன். மறுபடி ஏதோ கேட்டது. என்ன இது, ரொம்ப உபசாரம் பண்ணுகிறதே என்று அதற்கும் ஆமாம். அவ்வளவுதான். இருநூறுக்குப் பூஜ்யம்.

அந்த மிஷின் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். புதுசு வந்தால் பழசு காலி. அத்தான் சாப்பிட வந்தபோது நான் அழாத குறை. "என்னம்மா ஆச்சு?" என்றார். "தம்பியோட சீட்டெல்லாம் போச்சுங்க." "எங்க போச்சு?" "எங்கன்னு தெரிஞ்சா நானே போய்க் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா?" என்று அவர்மேல் எரிந்துவிழுந்தேன். உண்மையில் கோபம் என்மேல்தான். நீ கதவுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து அதையே நோண்டிக்கொண்டிருந்ததும், "அந்தக் கருமத்தைக் கீழ வைடா, பரிச்சைக்குப் படி" என்று நான் நாள் தவறாமல் கத்தியதும் நினைவுக்கு வந்தது. அவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு பிள்ளை சேர்த்ததை ஒரு விரலால் துடைத்துவிட்டேனே! சரி, கட்டுப் பிரிப்பதற்குள் நூற்றுத் தொண்ணூற்றெட்டையும் மறுபடி சேர்த்து உன் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

விளையாட்டு நல்ல விளையாட்டுடா. சீட்டுக்கு ஒரு பிராணி, அதை எதிராளியின் பிராணியோடு மோதவிட வேண்டும். ஒரு தீவு, அதில் ஏழு மன்றம், மன்றத்துக்கு ஒரு தலைவர், எல்லோரும் வேலைவெட்டி இல்லாமல் சீட்டுக்கட்டோடு நமக்காகவே காத்திருக்கிறார்கள். ஜெயித்தால் ஒரு சீட்டுப் பொட்டலம் தருவார்கள், அதைப் பிரிக்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்று மூக்கு திரையில் இடிக்கக் குனிவேன், ஐம்பது வயசில்! சீட்டைக் குலுக்க வேண்டாம், கலைக்க வேண்டாம், ஒன்று தொலையாது, மூலை மடங்காது, தோற்றவர் உன் அத்தானைப்போல் "நீ என் சீட்டைப் பார்த்துட்ட" என்று சொல்ல மாட்டார். இதெல்லாம் நல்லது. ஆனால் எல்லாவற்றுக்கும் பூவா தலையா போடச் சொல்கிறது, பிராணிக்குத் தூக்கம் வந்தால் பூவா தலையா, எழுந்தால் பூவா தலையா, நான் போட்டால் அது தலை என்று முடிவு கட்டிக்கொண்டேதான் விழுகிறது. எதிராளியோ அரை நிமிஷம் யோசி யோசி என்று யோசித்துவிட்டு என் தண்ணீர்ப் பிராணிக்கு முன்னால் நெருப்புப் பிராணியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். இதற்கு யோசிக்காமலே செய்திருக்கலாமே! அப்புறம் பாதி ஆட்டத்தில் நிறுத்தி வைக்க வழியில்லை. தொட்டால் முடித்தே ஆக வேண்டும்.

வெளிச்சத்துக்காகக் காலையில் சமையலறை ஜன்னல், மத்தியானம் கூடம், சாயங்காலம் குளியலறை வாசல் என்று நாற்காலியும் நானும் வெயில் போன பக்கமெல்லாம் நொண்டிக்கொண்டே போனோம். முதலில் கேலி பண்ணிய அத்தான் மூன்றாம் வாரம் கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்து ரப்பர்பேண்டு போட்டு மிஷினில் கட்டினார். நாலாம் வாரம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அந்தத் தண்ணி ஜந்துவ முன்னாடி விடேன்" என்றார். ஐந்தாம் வாரம் சாப்பாட்டுக்கு வந்தவர் கடைக்குத் திரும்ப மறந்துபோக, மூக்குக்கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மா வீட்டுக்கே வந்து கதவைத் தட்டினாள்.

கட்டுப் பிரிக்கிற அன்றைக்குச் சேர்ந்தது நூற்றுத் தொண்ணூற்றேழு. ஆஸ்பத்திரியில் கூப்பிட நேரமாகும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கடைசி ஆட்டத்தைத் தொட்டேன், தொட்டவுடனே கூப்பிட்டுவிட்டார்கள். கட்டு அறுக்கிறவர் மின்சார ரம்பத்தை ஓடவிட்டு, "பயப்படாதீங்கம்மா, சதையில படாது" என்றார். "ரம்பம் கிடக்கட்டும்ங்க, பேட்டரி சாகப்போகுது" என்றேன். மிஷினில் சிவப்பு விளக்கு மங்கி மங்கி எரிகிறது. அவர் எட்டிப் பார்த்தார். "என்ன வேணும் இப்ப?" "பூ விழணும். விழுந்தா ஜெயிச்சேன்." ரம்பத்தை அணைத்தார். "சரி, போடுங்க." போட்டேன். தலை. "அய்யோ!" என்றார் அவர். எதிராளி யோசிக்கிறான், விளக்கு மங்குகிறது, வெளியே அடுத்த ஆள் "எவ்வளவு நேரம்யா?" என்கிறார், கட்டு அறுக்கிறவர் "இருங்க, சிக்கலான கேஸ்!" என்று குரல் கொடுக்கிறார், அத்தான் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கிறார். என் முறை வந்தது. மறுபடி போட்டேன். பூ! மூன்று பேரும் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். பொட்டலத்தைப் பிரித்து, நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது சீட்டைப் பதிவு செய்த பிறகுதான் விளக்கு அணைந்தது. நான் காலை நீட்டினேன்.

மீதி இரண்டு சீட்டுக்கு இதேபோல் இன்னொரு மிஷின் வேண்டுமாம், இரண்டுக்கும் நடுவில் கேபிள் மாட்ட வேண்டுமாம். ஊரில் இப்போது யாரிடம் இருக்கிறது? அதுதான் நீயும் அங்கேயே நின்றுவிட்டாய் போல. ஆக உன் சொத்து உன்னிடம் எப்படி இருந்ததோ அப்படியே, பூதக்கண்ணாடி சகிதம், இந்தப் பார்சலில் வருகிறது. அழித்ததற்கும் அந்தக் காலத்தில் திட்டியதற்கும் சேர்த்து அக்காவை மன்னித்துவிடு.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பாப்பா நோய்நொடி இல்லாமல், கடைசிப் படியைப் பார்த்து இறங்கி, நூறு வருஷம் வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு: கவரை ஒட்டுகிற நேரத்தில் நீயே போன் செய்துவிட்டாய். மனசு கேட்காமல், "அந்தச் சீட்டு விளையாட்டு மிஷின் ஞாபகம் இருக்காடா?" என்றேன். "எது, சோடாபுட்டியோடதா?" என்றாய். கூடப் படித்த சோடாபுட்டியிடம் ரெண்டு நாளைக்கு என்று வாங்கிவந்து திருப்பியே கொடுக்கவில்லையாம், உனக்கு முதல் மன்றத்துத் தலைவரையே ஜெயிக்கத் தெரியாதாம், நூற்றுத் தொண்ணூற்றெட்டும் அந்தப் பையன் சேர்த்ததாம், இது யாருடையது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாயாம்! மேலே கேட்ட இரண்டு மன்னிப்பையும் வாபஸ் வாங்குகிறேன். திட்டியது போதாது. நாலு பக்கம் எழுதியதை வீணாக்க மனமில்லை, அதனால் 'தம்பி' என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு 'சோடாபுட்டி' என்று போட்டு அவன் விலாசத்துக்கு அனுப்பிவை. மிஷினைப் பார்சலிலிருந்து எடுத்துவிட்டேன். அவன் நேரில் வந்து வாங்கிக்கொள்ளட்டும். வரும்போது எங்கிருந்தாவது இன்னொரு மிஷினும் ஒரு கேபிளும் கொண்டுவரச் சொல்.