எடம் கீது சார்!

உலகத்தில் நிரம்பிப்போன பொருள் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் கள்ளிக்குப்பத்தில்தான் இருக்கிறார். கடலைக் காட்டினால்கூட, "இன்னும் நாலு கொடம் ஊத்தலாம் சார்" என்பார். கள்ளிக்குப்பத்துக்கும் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பெற்றவர்கள் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். ஊர் வைத்த பெயர் 'எடம்கீது'.

கையைத் தூக்கியவரை அவர் ஏற்றாமல் போனதே இல்லை. தலையைச் சொறியக் கை தூக்கியவர்களைக்கூட ஏற்றியிருக்கிறார். "எடம் கீது சார், தள்ளி குந்துங்க!" என்ற ஒரே மந்திரத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டியே உள்ளே போய்விடும். ஒருமுறை என் மடியில் யாருடைய குழந்தையோ, தோளில் யாருடைய தலையோ, ஒரு கால் மட்டும் ரோட்டுக்கு மேலே. தாங்க முடியாமல் கத்தினேன்.

"யோவ், மூச்சு விடவே எடமில்லய்யா!"

கண்ணாடியில் என்னை நிதானமாகப் பார்த்தார். "மாத்தி மாத்தி உடுங்க சார். நீங்க உடும்போது பக்கத்துல கீறவரு இழுக்கட்டும்."

கொரோனா என்று ஒன்று வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த வாக்கியம்தான். உடனே போய்க் குளித்தேன்.

இரண்டாவது அலையில் எல்லாம் அடைபட்டது. எடம்கீதுவின் வண்டி எங்கள் அடுக்குமாடியின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நின்றது. அதற்குள்ளேயே அவர் உட்கார்ந்திருப்பார். டி.வி.யில் தினமும் ஒரே விவாதம்: கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாமா, கூடாதா? எங்கள் வீட்டிலும் அதே விவாதம், விளம்பர இடைவேளை இல்லாமல்.

மூடு கட்சிக்கு நான் தலைவர். என் தகுதிகளைச் சொல்கிறேன். பால் பாக்கெட்டுக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, தலை துவட்டித்தான் உள்ளே விடுவேன். செய்தித்தாளை இஸ்திரி போட்டுத்தான் படிப்பேன். ஒருநாள் அரசியல் பக்கம் பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. கற்பூரம், ஓமம், கிராம்பு மூன்றையும் துணியில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். நான் நடந்து போனால் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

திற கட்சிக்குத் தலைவி என் மனைவி மல்லிகா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்க்ரூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள்.

"எங்க கம்பெனிப் பொண்ணுங்க வீட்ல அடுப்பு எரிய வேணாமா? இப்படியே பூட்டி வச்சா பசியில போயிடுவாங்க, தெரியுமா?"

"தொறந்தா ஆஸ்பத்திரி தாங்குமா? மனுஷ உசுரு பெருசா, ஸ்க்ரூ பெருசா?"

"உங்களுக்குத்தான் ஒண்ணு கழண்டிருக்கு."

பால்கனியில் நடக்கும் இந்தச் சண்டையைக் கீழேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பார் எடம்கீது. நான் எட்டிப் பார்த்தால், "சார் சொல்றது கரீட்டு. மூடிதான் வெக்கணும்" என்பார். மல்லிகா எட்டிப் பார்த்தால், "அம்மா சொல்றது நாயம். தொறந்துதான் ஆவணும்" என்பார். இவ்வளவு பச்சையாகக் கட்சி மாறுகிறவரை நான் தேர்தல் நேரத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஒரு காலை. மல்லிகா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். சாப்பாட்டுக்கு முன், பின் என்று மாத்திரை மாதிரி ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பார்ப்பது என் வழக்கம். மாட்டினேன். எண்பத்தாறு என்று மின்னியது.

காபியை முகர்ந்தேன், கற்பூர வாசனை. பெருங்காய டப்பாவை முகர்ந்தேன், கற்பூர வாசனை. ஆக, மூக்கும் போச்சு! கழுத்தில் தொங்கும் முடிச்சு அந்த நேரத்தில் ஞாபகம் வருமா? விரலில் மாட்டிய கருவியோடு, முகக்கவசத்தின்மேல் முகக்கவசம் மாட்டிக்கொண்டு மூன்று மாடியும் ஓடி இறங்கினேன். மூச்சு வாங்கியது. அதையும் வியாதியின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்கு விடுய்யா! ஆக்ஸிஜன் இறங்கிடுச்சு!"

"குந்துங்க சார், எடம் கீது." ஈ காக்கை இல்லாத வண்டியிலும் அதைச் சொல்லித்தான் ஏற்றினார்.

வழியெல்லாம் மல்லிகாவுக்கான என் கடைசி வார்த்தைகளை அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். "அந்த டேபிள் ஃபேனை மட்டும் அவ தம்பிக்குக் குடுக்க வேணாம்னு சொல்லிடு." எடம்கீது ஒவ்வொன்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்குச் சற்று முன்பே வண்டி நின்றுவிட்டது. எதிரே ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடம்கீது பின்பக்கம் திரும்பினார்.

"வெரலக் காட்டுங்க சார்." குனிந்து பார்த்தார். "தொண்ணூத்தெட்டுதானே கீது?"

"எண்பத்தாறுய்யா!"

"தொண்ணூத்தெட்டு சார்!"

"சாகப்போறவன்கிட்ட வம்பு பண்றியா?"

"இந்தாண்ட வந்து பாருங்க சார்."

விரலை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் அவர் பக்கமாக வளைத்து எட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. கருவியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, தலைகீழாகவே படித்து, டேபிள் ஃபேன் வரைக்கும் உயில் சொல்லியிருக்கிறேன்!

சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கம்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நீல உடுப்பில் ஒரு பெண் அங்கே வந்து நின்று கையைத் தூக்கினாள்.

"நம்ம ஊட்டுக்காரி சார், செல்வி. வார்டுல கூட்டித் தொடைக்கிறா. எங்களுக்கு ஒட்டிக்கும்னு ஊட்டுக்கே வர்றதில்ல, இங்கியே தங்கிக்கிறா. கூட்டம் கொறஞ்சாதான் வருவா."

செல்வி ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினாள். "இன்னாய்யா, சவாரி இட்னு வந்துட்டியா? யார்னா முடியாதவங்களா?"

"இல்லம்மே! சாரு சும்மா காத்து வாங்க வந்தாரு!"

"இங்க வந்தா காத்து வாங்குவாங்க? போ, போ! உள்ள எடமே இல்ல!"

எடம்கீது என் பக்கம் திரும்பினார். "எடம் இல்லியாம் சார்" என்றார் மெதுவாக. அந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லிப் பார்ப்பவர் போல இருந்தது.

திரும்பும் வழியில், உண்மையில் எந்தக் கட்சி என்று கேட்டேன்.

"நான் இன்னா சார் சொல்றது? தொறந்தா என் வண்டி நெறையும். வண்டி நெறஞ்சா அவ வார்டும் நெறையும். மூடிகினே கீறதுன்னா சோத்துக்கு இன்னா பண்றது? அதான் உங்களாண்டயும் ஆமான்றேன், அம்மாவாண்டயும் ஆமான்றேன்."

வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டேபிள் ஃபேனைத் தவிர. அவள் சிரித்து முடித்துவிட்டு, டி.வி.யை அணைத்தாள். கழுத்து முடிச்சைக் கழற்றி வைத்தேன். காபி மணத்தது. அன்று எங்கள் வீட்டில் விவாதம் நடக்கவில்லை.

தளர்வுகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. மல்லிகா முதலாளியிடம் மல்லுக்கட்டி, பாதிப் பேர் இன்றைக்கு, மீதிப் பேர் நாளைக்கு என்று வேலையைப் பிரிக்கவைத்தாள். அந்தப் பெண்களை அழைத்துவர எடம்கீதுவின் வண்டியையே ஏற்பாடு செய்தாள். ஜன்னல்களைத் திறந்து வைக்கிறார்களா என்று பார்க்க மூடு கட்சித் தலைவரான நானே நேரில் போய்வந்தேன்.

ஆனால் ஆட்டோவில் இரண்டு பேர்தான் ஏறலாம் என்று உத்தரவு. எடம்கீதுவுக்கு இது கொடுமையான சோதனை. மூன்றாவது ஆள் கையைத் தூக்கினால் 'இல்லை' என்று சொல்ல அவர் நாக்கு வளையவில்லை. "எடம் கீது சார்... இப்ப இல்ல, அடுத்த நடையில கீது" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே திரும்பிவந்து ஏற்றுவார். காத்திருந்த ஆளுக்காகத் திரும்பி வந்தாரா, கொடுத்த வாக்குக்காகவா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒருநாள் காலை கீழேயிருந்து விடாமல் ஹாரன். அத்தனை பால்கனியிலும் தலைகள். எடம்கீது வண்டியின் கூரைக்கே ஏறிவிடுவார் போல நின்றுகொண்டிருந்தார்.

"சார்! அம்மா! எடம் கீதாம்! ஆஸ்பத்திரில எடம் கீதாம்! கட்டிலு காலியா கீதாம்!"

மல்லிகா கைதட்டினாள். எந்தக் கட்சி ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே டம்ளரில் காபி குடித்தோம். அதற்கு முன்னால் அந்த டம்ளரை நான் ஒருமுறை கழுவினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சில நாள் கழித்து, ஓ.டி.யில் மருந்து வாங்கிக்கொண்டு கொளுத்தும் வெயிலில் நின்றிருந்தேன். தூரத்தில் அந்த வண்டி. பின்சீட்டில் ஒரே ஒருத்தி, மடியில் துணிப்பையோடு செல்வி. மற்றபடி வண்டி காலி. கையைத் தூக்கினேன். வேகம் குறையவில்லை. இரண்டு கையையும் தூக்கினேன்.

எடம்கீது தலையை வெளியே நீட்டினார். முகமெல்லாம் பல்.

"எடம் இல்ல சார்!"

போயே போய்விட்டார். அந்த வெயிலில் கள்ளிக்குப்பம் வரைக்கும் நடந்தேன், வழியெல்லாம் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டே.