ஓவர்சியர் ஜீப்புக்குப் பிரேக் போட்ட கதை

ஜீப் நின்றது. ஆனால் ஓவர்சியர் வீட்டு வாசலில் இல்லை; இரண்டு வீடு தள்ளி, வக்கீல் வீட்டு கேட்டுக்கு நேராக. நின்ற பிறகும் ஓவர்சியர் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வக்கீல் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், கேஸ் ஏதாவது இருக்கா?"

"இல்ல வக்கீல் சார். பிரேக் கொஞ்சம் யோசிச்சுப் பிடிக்குது."

ரிவர்ஸில் வந்து தன் வாசலில் நிறுத்தினார். மனைவி வெளியே வந்து, புதிதாகப் பெரிய டயர் மாட்டிய ஜீப்பைக் கீழேயிருந்து மேலே வரை ஒரு முறை பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஏறு. ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

அவள் பக்கத்தில் வந்தாள். கம்பியைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

"வேண்டாங்க. வக்கீல் வீட்டுல போய் நின்னீங்களே, நான் பாத்துட்டுதான் இருந்தேன். முதல்ல பிரேக்கைச் சரி பண்ணுங்க."

ஓவர்சியருக்குச் சுருக்கென்றது. வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இந்த ஜீப்புக்கு ஒழுங்கான பிரேக் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அவர். இன்னொருவர் அவள்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், மலைமேல் இருக்கும் அணைக்கு ரோடு போட்ட காலத்தில், ஆபீஸ் கொடுத்த வண்டி இது. அப்போது கல்யாணமாகி நாலு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்டைப் 'பரிசோதனை' செய்ய ஓவர்சியர் மலைக்குப் போவார். பரிசோதனைக்கு மனைவி எதற்கு என்று மேலதிகாரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓவர்சியரிடம் பதிலும் இருந்திருக்காது.

வண்டி முழுசாக நிற்பதற்குள் அவள் கம்பியைப் பிடித்து ஒரே தாவலில் சீட்டில் இருப்பாள். மேட்டில் நிறுத்த வேண்டுமென்றால் ஓவர்சியர் "கல்லு!" என்று கத்துவார். சீட்டுக்கடியில் வைத்திருக்கும் கல்லை எடுத்துக்கொண்டு, உருளுகிற வண்டியிலிருந்து அவள் குதித்துப் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பாள். அப்புறம் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இப்ப இறங்குங்க, நிக்குது" என்று சிரிப்பாள். ஒரு தடவைகூட வண்டி நழுவியதில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் ஓவர்சியருக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

ஆபீஸ் அந்த ஜீப்பைக் கழித்துக் கட்டியபோது, அவரே ஏலத்தில் எடுத்துக்கொண்டதும் அதற்காகத்தான். இப்போது அந்த மலை ரோடு பாழாகிக் கிடக்கிறது. வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து தனியார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது என்று அறிவிப்பும் வந்துவிட்டது. அதற்குள் அவளை ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். குண்டும் குழியும் தாங்க வேண்டுமே என்றுதான் பெரிய டயர்.

'பிரேக்கே இல்லாதப்ப நம்பி ஏறினவ, இப்ப பிரேக் சரியில்லங்கிறா' என்று நினைத்தபடி ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

மெக்கானிக்கை ஊரே 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடும். எந்த வண்டியைப் பார்த்தாலும், "இது வேற யார்கிட்ட போயிருந்தாலும் அவ்வளவுதான்" என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம்.

"இது வேற யார்கிட்ட போயிருந்தாலும் அவ்வளவுதான் சார். டயரைப் பெருசாக்கிட்டு, பிரேக்கைப் பழசாவே வெச்சா எப்படி? பெரிய கதவுக்குச் சின்னத் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. டிஸ்க் பிரேக் போட்டுடலாம். நல்லா தட்டு அகலத்துக்கு."

"போடு."

போட்டார். தட்டு அகலம்தான்; ஆனால் சக்கரத்தின் பழைய ரிம் அதன்மேல் உட்காரவில்லை. ரிம்மைப் பெரிதாக்கினார்கள். பெரிய ரிம்முக்கு இருந்த டயர் சேரவில்லை. டயரையும் இன்னும் ஒரு சைஸ் ஏற்றினார்கள். ஆக, பெரிய டயருக்காகப் பிரேக், பிரேக்குக்காக ரிம், ரிம்முக்காக அதைவிடப் பெரிய டயர். ஆனை வாங்கினவன் அங்குசம் வாங்கப் போய், அங்குசத்துக்காக இன்னொரு ஆனை வாங்கின கதைதான்.

இந்தத் தடவை ஜீப் ஒரே ஒரு வீடு தள்ளி நின்றது.

"பாதி சரியாயிடுச்சு!" என்றார் ஓவர்சியர் பெருமையாக.

மனைவி வந்தாள். கீழேயிருந்து மேலே பார்த்தாள். அவள் முகம் ஏனோ வாடிப்போனது.

"இதுதான் முடிவா? இதோட வேலை முடிஞ்சுதா?"

"பிரேக் மிதி கொஞ்சம் கல்லு மாதிரி இருக்கு. அதை மட்டும் சரி பண்ணணும்."

"எல்லாம் முழுசா முடியட்டுங்க. அப்புறம் வரேன்."

மறுநாள் இன்னொன்றும் தெரிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் புது டயர் பாடியில் உரசி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தியது. ஸ்பேனர் காதில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஸ்பிரிங் பட்டைக்கு ரெண்டு பட்டை சேர்த்து, பாடியைத் தூக்கிடலாம் சார். உரசாது. மிதிக்கு ஒரு பூஸ்டர் போட்டுடுறேன். பூப்போல மிதிச்சாப் போதும்."

பாடியைத் தூக்கியதும், சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் ட்யூப் எட்டாமல் விறைத்துக்கொண்டு நின்றது. அதை மாற்றினார்கள். பூஸ்டர் போட்டார்கள். ஸ்பேனரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்த ஓவர்சியர், பழக்க தோஷத்தில் பூவை மறந்து, இரண்டு காலாலும் மிதித்தார். ஜீப் அந்த இடத்திலேயே மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. ஸ்பேனரின் சாப்பாட்டு டப்பா மட்டும் நிற்காமல் கண்ணாடியில் மோதித் திறந்து, அவர் சட்டையில் கொட்டியது.

"பிரேக் பிடிச்சுதா?" என்றார் ஓவர்சியர்.

"பிடிச்சுது சார்" என்றார் ஸ்பேனர், சட்டையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்தபடி. "முன்பக்கம் ரொம்பத் தொபுக்கடீர்னு குனியுது. முன் ஸ்பிரிங்கையும் கொஞ்சம் விறைப்பா மாத்திட்டா நிமிர்ந்து நிக்கும்."

இதற்கிடையில் மனைவியின் நடவடிக்கையில் ஒரு மாறுதல். சாயங்காலம் கடைக்குப் போகிறேன் என்று கிளம்புவாள். கை வீசிக்கொண்டு திரும்பி வருவாள். எதுவும் வாங்கவில்லையா என்று கேட்டால், "கடை பூட்டியிருந்துது" என்பாள். ஜீப் வாசலில் நிற்கும்போது அதன் பக்கத்தில் போய் நின்று, கதவோரத்தில் கையை வைத்துப் பார்ப்பாள். ஓவர்சியர் வருவது தெரிந்தால் விலகிக்கொள்வாள்.

"என்ன பாக்குறே?"

"ஒண்ணுமில்ல. தூசி."

அவளுக்கு வர மனசில்லை என்று ஓவர்சியர் தீர்மானித்துவிட்டார். வெளியே சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். வயசாகிவிட்டால் மனுஷர்களுக்குப் பழைய ஆசையெல்லாம் கசந்துவிடும்போல. தனக்கு மட்டும் ஏன் கசக்கவில்லை என்றுதான் அவருக்கு விளங்கவில்லை.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஏழு மணிக்கே ஓவர்சியர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் ஸ்பேனர், டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. தெருமுனையிலிருந்து நல்ல வேகத்தில் வந்து, வாசலுக்கு நேராகப் பூப்போல மிதித்தார். ஜீப் குனியவில்லை, கத்தவில்லை, நழுவவில்லை. தன் வீட்டு வாசலில், கோடு கிழித்தாற்போல நின்றது. டப்பாவும் அசையவில்லை.

வக்கீல் தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டுக் கை தட்டினார்.

"தீர்ப்பு உங்க பக்கம் சார்!"

மனைவி வெளியே வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். தலையைப் பின்னி முடித்திருந்தாள். ஓவர்சியர் துண்டால் கம்பியைத் துடைத்துவிட்டார்.

"ஏறு" என்றார்.

அவள் ஜீப்பைப் பார்த்தாள். பிறகு தெருமுனையைப் பார்த்தாள்.

"ஒரு அரைமணி நேரம் இருங்களேன்."

"எதுக்கு? பிரேக்தான் சரியாயிடுச்சே."

"சரியாயிடுச்சு. நான் இல்லன்னு சொல்லலையே. கொஞ்சம் இருங்கன்னுதானே சொல்றேன்."

"மலையடிவாரத்துல ஒம்பது மணிக்கு மேல வண்டி விடமாட்டாங்க."

"தெரியும்" என்றாள். கண்ணெல்லாம் தெருமுனையில்தான் இருந்தது.

ஓவர்சியருக்கு இத்தனை நாள் அடக்கி வைத்தது உடைந்துகொண்டு வந்தது. பக்கத்தில் ஸ்பேனர் இருக்கிறாரே, வக்கீல் கேட்கிறாரே என்றெல்லாம் பார்க்கவில்லை.

"இங்க பாரு. பிரேக் சரியில்லன்னே, பிரேக் போட்டேன். முழுசா முடியட்டும்னே, முடிச்சேன். உனக்கு என்கூட வர இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லிடு. அந்தக் காலத்துல ஒரு கல்லை நம்பி என்கூட வந்தே. இப்ப இவ்வளவு பண்ணியும் உனக்கு என் மேல நம்பிக்கை வரல."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லங்க."

"அப்ப ஏறு!"

அவள் கம்பியைப் பிடித்தாள். ஒரு காலைக் கொஞ்சம் தூக்கினாள். கீழே வைத்துவிட்டாள். சட்டென்று திரும்பி, வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஓவர்சியர் சாவியைப் பிடுங்கினார். முப்பத்தைந்து வருஷம் கட்டிக் காத்த ஒன்று கைவிட்டுப் போனதாகவே அவருக்குத் தோன்றியது.

"வேற ஆளைப் பாத்து இந்த வண்டியைத் தள்ளிவிட்டுடு ஸ்பேனர். எனக்கு வேண்டாம்."

ஸ்பேனர் டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினார்.

அப்போது சைக்கிள் மணி கேட்டது. அடுத்த தெருத் தச்சர் மூச்சிரைக்க மிதித்து வந்து இறங்கினார். கேரியரில் கட்டியிருந்த கோணிச் சாக்கை அவிழ்த்து, உள்ளே இருந்ததை எடுத்து ஜீப்பின் கதவுக்கு நேராகத் தரையில் வைத்தார். ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓவர்சியரிடம் கெஞ்சும் குரலில் சொன்னார்:

"பிரேக் வேலை இதோட முடிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், நீங்க வண்டியை உசத்த உசத்த, அம்மா மூட்டுவலியோட இதுல ஏறணுமேன்னு கேட்ட ஸ்டூலுக்கு நானும் மூணு வாட்டி காலை நீட்டிட்டேன்!"