ஹென்னிங் அம்மாளின் கணக்கு

முயல் வளர்ப்போர் சங்கத்துக்கு நான் எதற்குச் சந்தா கட்ட வேண்டும் என்று ஹென்னிங் என்கிற அம்மாள் கேட்டிருந்தார். முயலைக் கண்டாலே அவருக்குத் தும்மல் வருமாம். தன் கணக்கிலிருந்து நாற்பத்தெட்டு யூரோவை உருவிக்கொண்ட திருடன் எவனாக இருந்தாலும் அவன் கை விளங்காமல் போகட்டும் என்றும் எழுதியிருந்தார். புகாருக்குக் கீழே கணக்கு எண்.

அந்த எண்ணைப் பார்த்ததும் ஃபோல்க்மார் டீடமனின் வாயிலிருந்த ரொட்டி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அது அவரே தயாரித்த எண்.

காஸல் நகரத்தில், சங்கங்களுக்குச் சந்தா வசூலித்துக் கொடுக்கும் மென்பொருள் கம்பெனி ஒன்றில் டீடமனுக்குச் சோதனை வேலை. சோதித்துப் பார்க்க வங்கிக் கணக்கு எண்கள் வேண்டும். நிஜ மனிதர்களின் எண்ணை எடுத்தால் இந்த நாட்டில் அது கொலைக்கு அடுத்தபடியான குற்றம். அதனால் போலி எண்கள். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எதையாவது தட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். நம்ம ஆள் அப்படிப்பட்டவரா? பெரிய கலைஞர் ஆயிற்றே! நாட்டின் குறி, சரிபார்க்கும் இலக்கம், நிஜமான வங்கியின் குறியீடு எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தும்படி எண்களைப் பெற்றுப் போட ஒரு கருவியே எழுதி வைத்திருந்தார்.

"இவ்வளவு நிஜமா இருந்தா, எங்கயாவது ஒருத்தரோட எண்ணாவே இருந்துடப் போவுது" என்று தரவுப் பாதுகாப்பு அதிகாரி பிராண்ட்ஷ்டெட்டர் ஒருமுறை சொன்னார்.

"அதுக்கு லாட்டரி விழணும் சார்" என்று டீடமன் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை நாலு சாத்தலாம்.

திங்கட்கிழமை அவர் சோதனைப் பிரிவின் தலைவர் ஆகிறார். தனி அறை, ஜன்னலோர மேஜை, கதவில் பெயர்ப் பலகை. பலகையை ஏற்கெனவே மாட்டிவிட்டார்கள். தினமும் காலையில் அந்தப் பக்கமாகவே சுற்றி வந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவார். சோதனை என்ற பெயரில் நிஜக் கணக்கில் கைவைத்தவர் என்று தெரிந்தால் பதவியும் போச்சு, வேலையும் போச்சு.

முதலில் அவருக்கு ஒரு மகா யோசனை தோன்றியது. பட்டியலிலிருந்து அந்த எண்ணை அழித்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பிராண்ட்ஷ்டெட்டர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அந்தக் கம்பெனியில் எதையாவது அழித்தால், ஏன் அழித்தாய் என்று எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டும். டீடமனுக்கு அது தெரியாதா? தெரியும். பயத்தில் மூளை லீவு போட்டுவிட்டது.

"ஒரு எண்ணை எடுத்திருக்கீங்க. காரணம் போடலையே?"

"அது... கொஞ்சம் சரியா வரலை சார்."

"சரியா வரலைன்னா?"

"பார்க்க நிஜம் மாதிரி இல்லை."

"உங்க எண்ணா? நிஜம் மாதிரி இல்லையா?" பிராண்ட்ஷ்டெட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மிச்சத்தையும் ஒரு தடவை பார்த்துடுவோம். மூணு மணிக்குப் பட்டியலோட என் அறைக்கு வாங்க."

மத்தியானம் கேன்டீனில் உருளைக்கிழங்கு சூப் ஆறிக்கொண்டிருந்தது. டீடமன் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, தன் சொந்தப் பணம் நாற்பத்தெட்டு யூரோவை ஹென்னிங் அம்மாளின் கணக்குக்கு அனுப்பப் பார்த்தார். அந்த அம்மாளின் வாயை அடைத்துவிட்டால் புகார் செத்தது என்று கணக்குப் போட்டார். 'பெறுபவரின் பெயர் இந்தக் கணக்கோடு பொருந்தவில்லை, தொடரலாமா?' என்று சிவப்பு எழுத்தில் கேட்டது வங்கி.

"கல்யாணம் ஆனா ஒரு பேரு, விவாகரத்து ஆனா ஒரு பேரு. வங்கிக்காரன் எங்க இதெல்லாம் கவனிக்கிறான்" என்று முணுமுணுத்தார்.

"யாருக்கு விவாகரத்து?" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ரோஸ்விதா கெம்ப். மேல்மாடியில் வேலை பார்ப்பவர். வம்பு என்றால் சூப்பைக்கூடத் தள்ளி வைத்துவிடுவார்.

"உங்க சூப்பைப் பாருங்க மேடம்."

"அடேங்கப்பா! நாற்காலியில உக்காருறதுக்கு முன்னாடியே இந்த அதட்டலா?"

டீடமன் 'தொடரலாம்' என்பதை அழுத்தினார். அனுப்பிய கையோடு பணம் சேர்ந்துவிட்டது. அதோடு சும்மா இருந்தாரா? மன உளைச்சலுக்கு என்று இன்னொரு நூறு யூரோவையும் அனுப்பி வைத்தார்.

மேஜைக்குத் திரும்பினால் ஹென்னிங் அம்மாளின் இரண்டாவது புகார் காத்திருந்தது. வக்கீலைப் பார்த்துவிட்டாராம். அடுத்தது பத்திரிகையாம்.

"நூறு யூரோவை முழுங்கியும் வாய் அடங்கலையே, சண்டாளி!" என்று பல்லைக் கடித்தார். கடித்துவிட்டு, அதே சண்டாளிக்கு உருகி உருகிப் பதில் எழுதினார். தப்பு முழுக்க என்னுடையது, என் சோதனைதான் உங்கள் கணக்கைத் தொட்டது, பணத்தை என் கையிலிருந்தே அனுப்பிவிட்டேன், என் மடத்தனத்தை மன்னித்து என் வேலையைக் காப்பாற்றுங்கள், தாயே. புகாருக்குப் போகும் எல்லாப் பதிலுக்கும் ஒரு நகல் பிராண்ட்ஷ்டெட்டருக்குப் போகும் என்பது அனுப்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

மூன்று மணிக்கு உள்ளே போனபோது அந்தக் கடிதம் பிராண்ட்ஷ்டெட்டரின் கையில் இருந்தது. பக்கத்தில் ரோஸ்விதா வேறு.

"'என் மடத்தனத்தை மன்னித்து' அப்படின்னு எழுதியிருக்கீங்க" என்றார் பிராண்ட்ஷ்டெட்டர்.

"பதவி வேண்டாம் சார். பலகையைக் கழட்டிடுங்க. வேலையை மட்டும் விட்டு வைங்க. வீட்டுக்கடன் இன்னும் பாதிகூட முடியலை." டீடமனுக்கு அழுகையே வந்துவிட்டது. பலகையைத் தினமும் சுற்றி வந்து பார்த்த மனிதரா இவர் என்று கேட்கும்படி மூக்கை உறிஞ்சினார்.

ரோஸ்விதாவுக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "ஐயய்யோ, ஹென்னிங்குன்னு யாருமே இல்லை சார்! நான் எழுதினதுதான் அது. புகார்ப் பிரிவு மென்பொருளைச் சோதிக்க மாடியில போலிப் புகார் தயாரிக்கிறேன்ல? எண்ணை உங்க கருவியிலேர்ந்துதான் எடுத்தேன். 'சோதனை'ன்னு எங்கயும் எழுதக் கூடாது, எல்லாம் நிஜமா இருக்கணும்னு நீங்கதானே எங்களை உக்கார வெச்சு வகுப்பெடுத்தீங்க?"

டீடமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

"எனக்கு அப்பவே சந்தேகம்தான். நடை கொஞ்சம் செயற்கையா இருந்துச்சு" என்றார்.

"செயற்கையா? தாயேன்னு கெஞ்சியிருக்கீங்க!"

"விடுங்க மேடம். என் எண்ணு யாரையும் தொடலை, அதுதான் முக்கியம். பிராண்ட்ஷ்டெட்டர் சார், இனிமேலாவது என் கருவியை நம்புங்க."

பிராண்ட்ஷ்டெட்டர் கடிதத்தைக் கிழித்தார். "சரி, திங்கட்கிழமை பார்ப்போம். ஆனா சொந்தப் பணத்தை வேற அனுப்பியிருக்கீங்க போலிருக்கே?"

"இல்லாத கணக்குதானே சார்? தானா திரும்பி வந்துடும். இதோ, ஏதோ வந்திருக்கு பாருங்க." டீடமன் போனை மேஜையில் வைத்துவிட்டு, பலகையில் எழுத்து கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, அதை மாற்ற முடியுமா என்று கேட்க ஆரம்பித்தார்.

ரோஸ்விதா போனை எட்டிப் பார்த்தார்.

"சார், க்ளெமென்ஸ் ரோட்டர்மண்ட்னு ஒருத்தர் உங்களுக்கு ஒரே ஒரு சென்ட் காசு அனுப்பி, அதோட குறிப்புல 'நூத்தி நாப்பத்தெட்டு யூரோவுக்கு ரொம்ப நன்றி, ஆனா நீங்க யாரு?'ன்னு கேட்டிருக்காரே!"