வெள்ளை உறையும் கரையும் நூலும்

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் என் சொந்த வீட்டு விருந்தறையில், நான் வாங்கிப்போட்ட சோபாவில், முதுகு சாய்ந்து உட்கார்ந்தே தீருவது என்று முடிவு செய்தேன். இது உங்களுக்குச் சின்ன ஆசையாகத் தெரியலாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்டுப் பாருங்கள்.

துருக்கியில் எங்கள் ஊரான டெனிஸ்லியில் வீட்டுக்கு வீடு ஒரு விருந்தறை உண்டு. பூட்டியே கிடக்கும், விருந்தாளி வந்தால் திறக்கும். எங்கள் சோபாவுக்கு மாமியார் கையால் தைத்த வெள்ளை உறை. அதில் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. வழி கேட்க வந்த ஒரு ஆள்கூட உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனான். ஒருநாள் மெலாஹத்திடம் நியாயம் கேட்டேன்.

"நீங்க என்ன விருந்தாளியா?" என்றாள் என் மனைவி.

"வீட்டுக்காரன்."

"அதான் சொல்றேன். உறை அழுக்காயிடும்."

ஆக, தடை உறைதான். உறை ஒழிந்தால் அது வெறும் சோபா. வெறும் சோபாவில் எவனும் உட்காரலாம்.

நான் துண்டு நெய்யும் ஆலையில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஒரு நூல் உண்டு. பார்த்தால் சாதாரண வெள்ளை நூல், தண்ணீர் பட்டால் ஆளையே காணோம். பாலிவினைல் ஆல்கஹால் என்று பெயர். பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அதைக் குடித்து யாரும் பாட்டுப் பாடியதில்லை. துவைக்கும்போது அப்படியே தண்ணீரில் போடும் சோப்புப் பொட்டலத்தின் உறையும் அதுதான், பசையிலும் அதுதான். அதைப் பருத்தியோடு முறுக்கித் துண்டு நெய்வோம். பிறகு அலசினால் அது கரைந்து போய்விடும். அது இருந்த இடம் காலியாகி, துண்டு பஞ்சாகப் பொங்கி நிற்கும். வந்த வேலை முடிந்ததும் சத்தமில்லாமல் போய்விடும் குணம், என் மைத்துனனுக்கு இல்லாதது. இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் மெலாஹத்துக்கு விளக்கிச் சொல்வது என் வழக்கம். அவள் காதில் வாங்குவதே இல்லை என்று நினைத்திருந்தேன்.

மாதம் ஒரு வீட்டில் எங்கள் தெருப் பெண்கள் கூடுவார்கள். டீ, பலகாரம், அந்த வீட்டுக்காரிக்கு ஆளுக்கொரு தங்கக்காசு, ஊர்வம்பு. அந்த மாதம் எதிர்வீட்டு முறை. மெலாஹத் போனதும், அவள் மாவு டப்பாவில் ஒளித்துவைக்கும் விருந்தறைச் சாவியை எடுத்தேன். மாமியாரின் தையலைப் பிரித்தேன். ஆலையிலிருந்து கொண்டுவந்த நூலால் திரும்பத் தைத்தேன். அதுவும் பச்சைத் தண்ணீரிலேயே கரையும் ரகம். விரலெல்லாம் ஊசிக்குத்து. பெருநாளுக்கு முன்னால் உறையைத் துவைப்பாள், அது துண்டு துண்டாகக் கையில் வரும், பழி சோப்புத்தூள் மேல் விழும்.

துவைத்தாள். உறை முழுசாகக் கொடியில் தொங்கியது. எனக்கு விஞ்ஞானத்தின் மேலிருந்த நம்பிக்கையே ஆட்டம் கண்டது.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் ஆலிவுக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவே என் நூல்கண்டு உட்கார்ந்திருந்தது. முக்கால்வாசி காலி. மெலாஹத் ஒரு முழம் அறுத்து என் தண்ணீர்க் கிளாசில் போட்டாள். கரண்டியால் கலக்கினாள். நூல் போன இடம் தெரியவில்லை.

"எங்கம்மா தையல் கோடு போட்ட மாதிரி இருக்கும். இது ஆடு மேஞ்ச மாதிரி இருந்துச்சு. பிரிச்சு நல்ல நூலால தைச்சுட்டேன்."

"அப்ப இந்தக் கண்டுல மீதி நூல்?"

"வீணாக்குவாங்களா? உங்க துணியில அங்கங்க ரெண்டு தையல் போட்டேன்."

"எந்தத் துணி?"

"ஞாபகம் இல்ல. சட்டையோ, கால்சட்டையோ. படுக்கை விரிப்புலகூடப் போட்டேனோ என்னமோ." டீயை உறிஞ்சினாள்.

அதிலிருந்து என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்தது. வெயிலடிக்கும்போதும் குடை பிடித்தேன். ஆலை முதலாளி அதட்டியபோது வியர்க்கக் கூடாதே என்று மூச்சைப் பிடித்து நின்றேன். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் நண்பன் தாஹ்சினோடு கராஹயித் வெந்நீர்க் குளத்தில் கழுத்தளவு கிடப்பவன், கரையில் உட்கார்ந்து ஆவியை வேடிக்கை பார்த்தேன். குளத்தில் ஊரே இருந்தது.

"ஏன்டா, பொண்டாட்டி குளிக்கக்கூட விடமாட்டேங்கிறாளா?" என்றான் தாஹ்சின். உண்மையைச் சொல்வதைவிட ஆமாம் என்பது மரியாதையாகப் பட்டது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. எந்தத் தையல் கள்ளத் தையல் என்று தண்ணீரே சொல்லிவிடும். ஒரு விடுமுறை நாளில் அலமாரியைக் காலி செய்து குளியலறையில் குவித்தேன். சட்டை, கால்சட்டை, பைஜாமா, விரிப்பு, போர்வை, தலையணை உறை. ஊறவைத்து, கசக்கி, பிழிந்து, ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் விடவில்லை. அப்படியானால் நான் போட்டிருப்பதில்தான் இருக்க வேண்டும். அதையும் கழற்றி முக்கி, ஆலைத் துண்டு ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன். அதிலும் இல்லை. பின்கட்டுக் கொடியில் அத்தனையும் சொட்டச் சொட்டத் தொங்கியது. இடுப்பு ஒடிந்துவிட்டது.

சமையலறைக்குப் போனேன். மெலாஹத் தட்டில் டீக் கிளாசுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தையல்கூட விடலியே?"

"போட்டாத்தானே விடும்?"

"அப்ப அந்த நூல்?"

"அன்னிக்கே வாளியில கரைச்சு ஊத்தியாச்சு. பெருநாள் துவையலை எப்படி முடிக்கப்போறோம்னு எனக்கும் கவலையாத்தான் இருந்துச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். "சரி, தோத்துட்டேன். ஒரே ஒரு தடவை அந்தச் சோபாவுல சாஞ்சுக்கிறேன், மெலாஹத். முதுகு போச்சு."

"தாராளமா சாஞ்சுக்குங்க. கதவு திறந்துதான் இருக்கு. இந்த மாசம் நம்ம வீட்டு முறை, எல்லாரும் உள்ளதான் உட்கார்ந்திருக்காங்க. போறப்ப இந்த டீத் தட்டையும் ரெண்டு கையாலயும் பிடிச்சு எடுத்துட்டுப் போங்க."

இடுப்புத் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காலால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.