சுருங்கிய அளவுகோல்

எகிப்தின் மன்சூரா நகரத்தில் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் கூட்டம் என்னவோ ஷேக் பயூமியின் மாடிப்படியில்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால், கோழிக்கடைக்கு மேலே வீடு. கீழே கோழிகளுக்குக் கழுத்து அறுபடும், மேலே மனிதர்களுக்கு. கோழிகளாவது கத்தும்.

ஷேக்கின் வித்தை எளிது. நோயாளி உடுத்திய துணியைத் துவைக்காமல் கொண்டு வரவேண்டும். அவர் அதைச் சாண் போட்டு அளப்பார். கண்ணை மூடி ஓதுவார். மறுபடி அளப்பார். துணி நீண்டிருந்தால் கண்ணேறு, சுருங்கியிருந்தால் ஜின். அப்படியே இருந்தால்? அப்படி இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

அந்தப் படியில் தாயோடும் தங்கையோடும் நின்றவன் ஷிஹாப். பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே தெரு முழுவதும் அவனைப் ‘பாஷ்முஹந்திஸ்’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. எஞ்சினியர் ஐயா என்று பொருள். ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாதவனுக்கு அவ்வளவு மரியாதை. அவனும் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

பாஷ்முஹந்திஸுக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்டது தங்கவில்லை. உடம்பு கரைந்து, ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தான். மருத்துவர் பரிசோதித்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: கோதுமையும் பார்லியும் உன் குடலுக்கு ஆகாது, நிறுத்து, உடம்பு தேறும்வரை ஏழு பாடம் வேண்டாம், மூன்று போதும், கல்லூரிக்கு நானே சான்றிதழ் தருகிறேன். போன பருவத்தில் பாதித் தேர்வில் எழுந்து ஓடியதால் கல்லூரி ஏற்கெனவே எச்சரித்திருந்தது. இன்னொரு பருவம் தோற்றால் வெளியே.

தாய் நம்பவில்லை. எகிப்தில் ரொட்டிக்குப் பெயரே ‘வாழ்வு’. வாழ்வு ஒத்துக்கொள்ளாது என்று ஒருவர் சொன்னால் யார் கேட்பார்கள்? பாடத்தைக் குறைத்தால் ஒரு வருடம் பின்தங்குவான். பெரியப்பா மகன் ஹிஷாம் முந்திவிடுவான். படியில் எதிர்ப்படும் பக்கத்துவீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்வது? ஷிஹாபுக்கும் அதே கவலைதான். வெப்ப இயக்கவியல் படித்தவன், தன் பனியனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஷேக்கிடம் போனான்.

பனியன் மூன்று விரல் நீண்டது. கண்ணேறு! சொந்தத்தில் ஒரு பெண் என்றார் ஷேக். தாய் தயாராக ஒரு பெயரை எடுத்துக் கொடுத்தாள், ஹிஷாமின் அம்மா. பரிகாரம்: மூன்று வேளையும் ஓதிய பார்லிக் கஞ்சி. ஒரு எச்சரிக்கையும் உண்டு: “ஒரு பாடத்தக்கூட கொறைக்காதீங்க. கொறைச்சா கண்ணு ஜெயிச்சிரும்.”

ஷிஹாப் பயபக்தியோடு கஞ்சி குடித்தான். நிலைமை மோசமானது. தொலைபேசியில் கேட்டபோது, நோய் கூடினால் கண் வெளியேறுகிறது என்று பொருள் என்றார் ஷேக். வெளியேறியது கஞ்சிதான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினான். தொலைபேசியில் தலையாட்டி என்ன பயன் என்றுகூடத் தோன்றவில்லை.

இன்று இரண்டாவது வருகை. பாடங்களைக் குறைக்க நாளையோடு கெடு முடிகிறது. படியில் நிற்கும்போது தங்கை ரிஹாம் கேட்டாள்:

“அண்ணா, துணி எப்படி நீளுது?”

“தெரியல.”

“நீ எஞ்சினியர்தானே?”

“நான் இயந்திரவியல். துணியெல்லாம் நெசவுத்துறை.”

உள்ளே அறை நிறைய ஆட்கள். ஷேக் கையை நீட்டினார். ரிஹாம் அண்ணனின் பையைத் திறந்து, அவனுடைய எஃகு அளவுகோலை எடுத்துக் கொடுத்தாள். ஷேக்கின் கை பாதியில் நின்றது.

“துணி கொண்டு வரல, ஷேக். இவன் ராத்திரி பகலா கையில வெச்சிருக்கறது இதுதான். வேர்வையெல்லாம் இதுலதான். கண்ணு துணியில மட்டும்தான் ஏறுமா, இரும்புல ஏறாதா?”

அறையே அவரைப் பார்த்தது. ஏறாது என்று சொல்ல அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. “கண்ணு மலையவே பொளக்கும்” என்று வாங்கி அளந்தார். ஒரு சாண், நாலு விரல். ஓதினார். மறுபடி அளந்தார். ஒரு சாண், இரண்டே விரல்.

“சுருங்கிருச்சு. கண்ணு போயிருச்சு, ஆனா ஜின்னு வந்து உக்காந்திருக்கு.”

தாய் அழத் தொடங்கினாள்.

“இதுல முப்பது சென்டிமீட்டர்னு போட்டிருக்கே?” என்றாள் ரிஹாம்.

“எண்ணும் சேந்துதான் சுருங்கிருச்சு, பொண்ணே.”

அறை ஆமோதித்தது. ஷிஹாப் மனக்கணக்குப் போட்டான். எஃகு இவ்வளவு சுருங்க எவ்வளவு குளிர வேண்டும்? பிரபஞ்சத்திலேயே அவ்வளவு குளிர் கிடையாது என்று விடை வந்தது. கணக்கு சரி. அப்படியானால் இது பெரிய ஜின்னாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தான்.

ரிஹாம் தன் பையிலிருந்து இன்னொரு அளவுகோலை எடுத்தாள். கல்லூரி வாசல் கடையில் அன்று காலை வாங்கியது. அதே நீளம், அதே எஃகு. இரண்டையும் தரையில் பக்கம் பக்கமாக வைத்தாள். இரண்டின் முனைகளும் சரியாகப் பொருந்தி நின்றன.

“இது யாரும் ஓதாதது. கண்ணும் படல, ஜின்னும் வரல. சுருங்கினது எது, ஷேக்? அளவுகோலா, உங்க சாணா?”

அந்த அளவுகோலையும் ஜின் பிடித்துவிட்டதென்று ஷேக் தொடங்கினார். ஆனால் கதவோரம் உட்கார்ந்திருந்த பருத்த பெண்மணி ஒருத்தி அவரைக் கவனிக்கவில்லை. தன் மகனின் சட்டையை மடியில் விரித்து, தானே சாண் போட்டாள். ஏதோ முணுமுணுத்தாள். மறுபடி சாண் போட்டாள். அவ்வளவேதான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் தலைப்பாகையை அவிழ்த்தார். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கச் சாண் போட்டுக்கொண்டிருந்தது. தொழுகைக்குக் கைகால் கழுவி உளூச் செய்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோன ஷேக், பின்படி வழியாகக் கோழிக்கடையைத் தாண்டிப் போய்விட்டார்.

ஷிஹாபின் தாயிடம் அளக்கத் துணி இல்லை. மகனின் கையைப் பிடித்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் அவன் மணிக்கட்டைச் சுற்றி வந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இன்னும் இடம் மிச்சமிருந்தது. தன் வீட்டில் சுருங்கியது எது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நாளைக்கு நானும் வர்றேன் கல்லூரிக்கு” என்றாள். “மூணு பாடம் போதும்.”

“பக்கத்துவீட்டுல கேட்டா?”

“என் பையனுக்கு ரொட்டி ஆகாதுன்னு சொல்லுவேன். சோறு ஆக்கிப் போடுவேன்.”

மறுநாள் சான்றிதழை வாங்கிக்கொண்ட எழுத்தர், “ஒரு வருஷம் கூடுதே, பாஷ்முஹந்திஸ்” என்று வருத்தப்பட்டார். ஷிஹாப் முதல்முறையாக அந்தப் பட்டத்துக்குக் கூச்சப்பட்டான். முப்பது சென்டிமீட்டர் எஃகைப் பையில் சுமந்துகொண்டே, தன் வாழ்க்கையை ஒரு திருடனின் விரலால் அளக்கக் கொடுத்தவனுக்கு ஒரு வருடம் கூடுதலாகப் படிப்பது நியாயம்தான் என்று தோன்றியது.

ஷேக் பயூமி இப்போது வேறு ஊரில் அளக்கிறாராம். உங்கள் ஊருக்கு வந்தாலும் வரலாம். துணியைக் கொடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சாண் போட உங்களுக்கும் ஒரு கை இருக்கிறது.